நாலு பேர்டி, மூணு போகி: கோல்ஃப் ஸ்கோர் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. விடிந்தும் விடியாததுமாக டி.வி.யைப் போட்டு கோல்ஃப் பார்க்கிற வழக்கம் நம் வீடுகளில் அதற்கு முன் இருந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் மூன்று நாள் ஆட்டம் முடிந்த நிலையில் தனியாக இரண்டாம் இடத்தில் இருந்தார். உலகத் தரவரிசையில் அவருக்கு 200ஆம் இடம். பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்த கேடி, அவருடைய அம்மா. ரன் கூடினால் கைதட்டிப் பழகிய நாம், “மைனஸ் பதினைந்து என்றால் நல்லதா, கெட்டதா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். கடைசிக் குழியில் அவருடைய பேர்டி முயற்சி நூலிழையில் விலகியது. நான்காம் இடம். பதக்கம் இல்லை.

சாயங்காலத்துக்குள் டீக்கடைத் தீர்ப்பும் வந்துவிட்டது: “கடைசி நாள் கோட்டை விட்டுட்டாங்கப்பா.”

அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கோல்ஃப் ஸ்கோரைப் படிக்கத் தெரிய வேண்டும். 18 குழிகள் சேர்ந்தது ஒரு ரவுண்டு. ஒவ்வொரு குழிக்கும் ‘பார்’ என்று 3, 4, 5 என ஓர் எண் உண்டு. எல்லாம் கூட்டினால் 70, 71, 72 என்று வரும். பாரைவிட ஒரு ஸ்ட்ரோக் (ஓர் அடி) குறைவாக முடித்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. பெரிய பந்தயங்கள் பெரும்பாலும் நான்கு நாள், நான்கு ரவுண்டு. மொத்தத்தில் யார் குறைவோ அவருக்குத்தான் கோப்பை; பாருக்குக் கீழே என்றால் மைனஸ், மேலே என்றால் ப்ளஸ். விதி இவ்வளவுதான். ஆனால் அந்த எண்களைச் சுற்றி வளர்ந்திருக்கும் கதைகள் ஏராளம்.

நம்பிக்கை 1: தொழில்முறை ஆட்டக்காரர்கள் நாள் தவறாமல் 65, 66 அடிப்பார்கள்

உண்மை: உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கூடும் அமெரிக்க பி.ஜி.ஏ. டூர் என்ற பந்தயத் தொடரில்கூட ஒரு ரவுண்டின் சராசரி 71ஐ ஒட்டித்தான் நிற்கிறது. வருடம் முழுக்கச் சராசரி 69க்குக் கீழே வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2000ஆம் ஆண்டில் டைகர் வுட்ஸ் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் கோல்ஃப் உலகம் பேசுகிறது. அந்த வருடம் அவருடைய சராசரி 68.17.

சாதாரணமான ஒரு நாளில் டூர் ஆட்டக்காரரின் ஸ்கோர் கார்டு எப்படி இருக்கும்? டிரைவ் என்ற நீண்ட முதல் அடியோடு தொடங்குகிற 14 குழிகளில் பந்து ஃபேர்வே என்ற கத்தரித்த புல்வெளியில் விழுவது எட்டு, ஒன்பதில்தான். பாக்கி ரஃப் என்ற நீண்ட புல்லிலும் மணலிலும் மரத்தடியிலும் கிடக்கும். கிரீன் என்பது குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரை; 18 கிரீன்களில் உரிய ஸ்ட்ரோக்கில் (பாருக்கு இரண்டு மிச்சம் வைத்து) போய்ச் சேர்வது சுமார் 12. தவறிய ஆறில் மூன்று நான்கை எப்படியோ ஒப்பேற்றிப் பாரில் முடித்துவிடுவார். நாலு பேர்டி, மூணு போகி, மிச்சம் பார்; பார் 72 மைதானத்தில் 71. பத்திரிகையில் பெயர் வராது. பிழைப்பு ஓடும்.

அப்படியானால் 65களும் 64களும் நம் கண்ணில் மட்டும் ஏன் இத்தனை படுகின்றன? டி.வி. காட்டுவது முன்னிலையில் இருப்பவர்களை. வியாழக்கிழமை 150 பேர் போலத் தொடங்கும் ஒரு வழக்கமான டூர் பந்தயத்தில் வெள்ளி இரவு ‘கட்’ விழும்; முதல் 65 இடங்களும் அவற்றுக்குச் சமமான ஸ்கோர் உள்ளவர்களும் மட்டுமே சனி, ஞாயிறு ஆடலாம். அவர்களிலும் அந்த வாரம் கை நன்றாக ஓடுகிற பத்துப் பேரைத்தான் கேமரா தொடர்கிறது. 75 அடித்துவிட்டு விமான நிலையத்துக்கு டாக்சி பிடிக்கிறவரை யாரும் படமெடுப்பதில்லை.

பட்டியலின் உச்சியில் இருப்பவருக்கும் நூறாவது இடத்தில் தவிப்பவருக்கும் சராசரியில் வித்தியாசம் இரண்டு, மூன்று ஸ்ட்ரோக்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் ஒரு ரவுண்டில் கிரீனில் உருட்டி, குழி விளிம்பில் சுற்றி வெளியே வந்த ஒரு பட், மரக்கிளையில் பட்டுத் தெறித்த ஒரு ஷாட். அவ்வளவில் அடங்கிவிடும் தூரம் அது. ஆனால் நான்கு நாளுக்குப் பெருக்கினால் எட்டு, பன்னிரண்டு ஆகிவிடும். வாரா வாரம் அதே வித்தியாசம் தொடர்ந்தால் ஒருவர் கோடீஸ்வரர், இன்னொருவர் அடுத்த வருடம் டூரில் இடம் கிடைக்குமா என்று கவலைப்படுகிறவர்.

நம்பிக்கை 2: பார் என்பது சராசரி ஸ்கோர்

உண்மை: பார் என்பது ஒரு கணக்கு. கிரீனை அடைய எத்தனை ஷாட் வேண்டும் என்று குழியின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதோடு பந்தை உருட்டிக் குழியில் போட இரண்டு பட் சேர்க்கிறார்கள். ஒரே ஷாட்டில் கிரீன் என்றால் பார் 3, இரண்டில் என்றால் 4, மூன்றில் என்றால் 5. நேற்று ஆடியவர்கள் எத்தனை அடித்தார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கலிஃபோர்னியாவில் கடலோரம் இருக்கும் பெபிள் பீச் மைதானத்தின் இரண்டாவது குழி வழக்கமாக பார் 5. 2000ஆம் ஆண்டு யு.எஸ். ஓபன் அங்கே நடந்தபோது அதைப் பார் 4 என்று அறிவித்தார்கள். மைதானத்தின் பார் 72லிருந்து 71 ஆகிவிட்டது. அந்தப் பந்தயத்தில் வுட்ஸ் நான்கு நாளில் 272, அதாவது பாருக்கு 12 கீழே. இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட எர்னி எல்ஸும் மிகுவேல் ஆங்கெல் ஹிமெனெஸும் 287, பாருக்கு 3 மேலே. வுட்ஸைத் தவிர யாராலும் பாருக்குக் கீழே போக முடியவில்லை என்பது வரலாறு ஆனது.

இப்போது அந்த இரண்டாவது குழிக்கு அதன் பழைய பாரையே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். நான்கு நாளுக்கு மொத்தப் பார் 284 அல்ல, 288. எல்ஸும் ஹிமெனெஸும் பாருக்கு ஒன்று கீழே வந்துவிடுகிறார்கள்! அடித்த ஷாட்டில் ஒன்றுகூட மாறவில்லை. பலகையில் எழுதிய எண்தான் மாறியது. வுட்ஸுக்கும் அவர்களுக்கும் இடையிலான 15 ஸ்ட்ரோக் இடைவெளி மட்டும் எந்தக் கணக்கிலும் அப்படியே நிற்கிறது. ‘மைனஸ் இத்தனை’ என்பதைவிட ‘மற்றவர்களைவிட இத்தனை’ என்பதுதான் நம்பத் தகுந்த அளவு.

நம்பிக்கை 3: மைனஸ் 35 அடித்தவர் ப்ளஸ் 5 அடித்தவரைவிடப் பெரிய ஆட்டக்காரர்

உண்மை: 2025 ஜனவரியில் ஹவாய்த் தீவுகளின் கபலுவாவில் ஜப்பானின் ஹிடெக்கி மாட்சுயாமா 35 கீழே அடித்து வென்றார். பி.ஜி.ஏ. டூரில் நான்கு ரவுண்டு பந்தயம் ஒன்றில் பாருக்குக் கீழே இவ்வளவு தூரம் யாரும் போனதில்லை. 2007இல் பென்சில்வேனியாவின் ஓக்மாண்டில் அர்ஜென்டினாவின் ஆங்கெல் கப்ரேரா யு.எஸ். ஓபனை வென்றார். அவருடைய ஸ்கோர் பாருக்கு 5 மேலே. 40 ஸ்ட்ரோக் வித்தியாசம். ஆனால் கப்ரேராவுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக் பின்னால் நின்ற இருவரில் ஒருவர் டைகர் வுட்ஸ்!

கபலுவா பார் 73 மைதானம். ஆற்றுப்படுகைபோல அகன்ற ஃபேர்வேக்கள். அதற்குக் காவல் கடல்காற்றுதான்; காற்று படுத்துவிட்டால் கதவு திறந்த வீடு. ஓக்மாண்டின் பார் 70. யு.எஸ். ஓபனுக்கென்று ரஃபில் புல்லை வளரவிடுவார்கள். பந்து அதில் விழுந்தால் நேராகக் கீழே பார்த்தால்தான் தெரியும்; மட்டையைப் புல் பிடித்துத் திருகும். 2025இல் அங்கே மறுபடி யு.எஸ். ஓபன் நடந்தபோது பாருக்குக் கீழே முடித்தவர் ஒருவர்தான். வெற்றியாளர் ஜே.ஜே. ஸ்பான், மைனஸ் 1.

ஓக்மாண்டின் உண்மையான பல் அதன் கிரீன்கள். 1935 யு.எஸ். ஓபனைப் பார்க்க வந்திருந்தார் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர். ஜீன் சரசன் போட்ட ஒரு பட் நிற்காமல் உருண்டு கிரீனை விட்டே இறங்கியதைக் கண்டார். ‘இந்தக் கிரீனின் வேகத்தை அளக்க வழியில்லையா?’ என்று யோசித்து மரத்தில் ஒரு கருவி செய்தார். இன்று அது அலுமினியத்தில் வருகிறது: ஒரு கஜம் நீளம், நடுவே பந்து உருளும் பள்ளம், ஒரு முனைக்கருகே பந்து உட்கார ஒரு குழிவு. தரையில் வைத்து மெல்லத் தூக்கினால் ஒரு கோணத்தில் பந்து தானாக உருண்டு இறங்கும். எத்தனை அடி தூரம் போய் நிற்கிறதோ அதுதான் அந்தக் கிரீனின் வேகம். பெயர் ஸ்டிம்ப்மீட்டர். சாதாரண மைதானங்களில் எட்டு, ஒன்பது அடி வரும். பெரிய பந்தயங்களில் 12, 13. ஓக்மாண்டில் அதற்கும் மேலே. மேட்டிலிருந்து தொட்டால் போதும், பந்து கண்ணாடி மேசையில் உருளும் கோலிக்குண்டுதான்.

நம்பிக்கை 4: மழை பெய்தால் ஸ்கோர் கெட்டுப்போகும்

உண்மை: பெரும்பாலும் நேர்மாறு. மழையில் ஊறிய கிரீன் இளகிவிடும். உயரத்திலிருந்து விழும் பந்து ஓடாமல் அங்கேயே உட்காரும். குறி பார்த்து எறிகிறவனுக்குச் சதுப்பு நிலம் கிடைத்த மாதிரி. 2011 யு.எஸ். ஓபனில் காங்கிரஷனல் மைதானம் ஈரத்தில் இளகிக் கிடந்தது. வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய் 268 அடித்து, 16 கீழே முடித்தார். உலகிலேயே கஞ்சத்தனமாகப் பேர்டி கொடுக்கும் பந்தயத்தில் அது சாதனை.

ஸ்கோரின் நிஜமான எதிரி காற்று. அதற்கும் அதே மெக்கில்ராய்தான் சாட்சி.

2010 ஜூலை, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், பிரிட்டிஷ் ஓபன். வியாழக்கிழமை கடற்கரை அமைதியாக இருந்தது. 21 வயது மெக்கில்ராய் 63 அடித்து முதலிடம் பிடித்தார். வெள்ளிக்கிழமை அவர் ஆடக் களமிறங்கியபோது வேறு மைதானம் காத்திருந்தது. புல்லும் குழியும் அவைதான், காற்றுதான் புதிது. கிரீனில் வைத்த பந்தைக் காற்று தள்ளியது. அப்படிப் பந்து தானாக நகர்ந்ததால் ஆட்டத்தையே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். எதிர்காற்றில் மேலே எழும்பிய பந்து அந்தரத்தில் நின்று பின்னுக்கு வருவதுபோல் விழும். பக்கக்காற்றில் குறி வைத்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் ஒரு தெரு தூரம். அன்று மெக்கில்ராயின் ஸ்கோர் 80. முந்தைய நாளைவிட 17 கூடுதல்.

ஒரே இரவில் ஆட்டம் மறந்துபோகுமா? மறுநாள் 69, அதற்கடுத்த நாள் 68. மொத்தம் 280, மூன்றாமிடத்தில் சமநிலை. கோப்பையை வென்ற தென்னாப்பிரிக்காவின் லூயி ஊஸ்ட்ஹெய்சன் 272. அவர் வெள்ளியன்று காற்று எழும்புவதற்கு முன்பே, காலை ஆட்டத்தில் 67 அடித்து முடித்துவிட்டிருந்தார். மெக்கில்ராய் அந்த வெள்ளியன்று பார் 72ஐ மட்டும் அடித்திருந்தால்? 272. சமம்.

எந்த நேரத்தில் ஆடுவது என்பதை ஆட்டக்காரர் தேர்ந்தெடுப்பதில்லை. பட்டியல் போடுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். முதல் நாள் காலையில் ஆடுகிறவர்களுக்கு மறுநாள் மதியம், மற்றவர்களுக்கு மாற்றி. வானிலை இந்தப் பங்கீட்டில் ஒரு பாதிக்கு மாலை போட்டு, மறு பாதியை முதுகில் அடிக்கும் வாரங்கள் உண்டு. ஸ்கோர் கார்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

நம்பிக்கை 5: தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியில் பத்துக்கு மேல் அடிக்கமாட்டார்

உண்மை: 2018 மாஸ்டர்ஸ், அகஸ்டா, முதல் நாள். ஸ்பெயினின் செர்ஹியோ கார்சியா முந்தைய வருடத்தின் சாம்பியன். 15ஆவது குழி பார் 5. கிரீனுக்கு முன்னால் ஒரு குட்டை. குட்டையிலிருந்து கிரீனுக்கு ஏறும் கரை மொட்டைத்தலைபோல் வழுவழுப்பு. கூடவே எண்ணிக்கொண்டு வாருங்கள்.

முதல் ஷாட் நல்ல டிரைவ். இரண்டாவது, ஆறாம் நம்பர் இரும்பு மட்டையால் கிரீனை நோக்கி, பந்து தண்ணீரில். அபராதம் ஒன்று, ஆக மூன்று. பந்தைப் போட்டு நான்காவது: கிரீனில் விழுந்தது, பின்சுழற்சியில் கரை வழியே உருண்டு தண்ணீருக்குள். அபராதம், ஐந்து. ஆறாவது: அதே கதை. ஏழு. எட்டாவது: அதே. ஒன்பது. பத்தாவது: அதே. பதினொன்று. பன்னிரண்டாவது ஷாட் கடைசியாகக் கிரீனில் நின்றது. ஒரே பட்டில் உள்ளே போட்டார். பதின்மூன்று.

ஐந்து பந்துகளைக் குட்டைக்குக் காணிக்கை செலுத்திய கார்சியாவின் அன்றைய ஸ்கோர் 81. தலைப்புச் செய்தி 81ஐத்தான் சொன்னது. நாம் கழித்துப் பார்ப்போம்: மீதி 17 குழிகளில் அவர் அடித்தது 68. அந்த 17 குழிகளின் பார் 67. அதாவது ஒரு குழியைத் தவிர்த்தால், அகஸ்டாவில் யாரும் குறை சொல்ல முடியாத ஓர் ஆட்டம். 2011 டெக்சாஸ் ஓபனில் கெவின் நா என்பவர் பார் 4 குழி ஒன்றில் 16 அடித்தார். மரங்களுக்குள் சிக்கியதன் விளைவு. அன்றைக்கு அவர் முடித்தது 80. பாக்கி 17 குழிகளையும் 64க்கு ஆடியிருக்கிறார்!

தொழில்முறை ஆட்டக்காரரும் தவறு செய்வார். ஆனால் அநேக நாட்களில் அவருடைய தவறு ஒரு போகியோடு நின்றுவிடும். மரத்துக்குள் போன பந்தை இடுக்கு வழியே வீரம் காட்டி அடிக்காமல், பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்துப்போட்டு, ஐந்தில் முடித்துக்கொண்டு நடையைக் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர் அதே இடுக்கில் புகுந்து எட்டு, ஒன்பது ஆக்குவார். பேர்டி எத்தனை என்பதைவிட இரட்டை போகி எத்தனை என்று பார்த்தால் யார் தொழில்முறை என்று தெரிந்துவிடும். கார்சியாவின் 13 செய்தியானதே அது அபூர்வம் என்பதால்தான்.

நம்பிக்கை 6: தூர அடி கண்காட்சிக்கு, பட்டிங்தான் காசுக்கு

உண்மை: ஆங்கிலம் பேசும் கோல்ஃப் மைதானங்களில் இது பழமொழிபோலப் புழங்குகிறது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது: 300 கஜம் பறக்கும் டிரைவும் ஒரு ஸ்ட்ரோக், ஒரு சாண் உருளும் பட்டும் ஒரு ஸ்ட்ரோக். ரவுண்டுக்குச் சுமார் 29 பட் என்றால் ஸ்கோரில் ஐந்தில் இரண்டு பங்கு பட்டிங்தானே?

பங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் வித்தியாசம் உண்டாவது அங்கேயல்ல. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பி.ஜி.ஏ. டூரில் ஒவ்வொரு ஷாட்டையும் அளந்து சேர்த்து வைத்த தரவுகளை எடுத்து ஆராய்ந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. எட்டு அடி தூரத்திலிருந்து டூர் ஆட்டக்காரர்கள் இரண்டில் ஒரு முறைதான் பந்தை உள்ளே போடுகிறார்கள். ஆகவே அங்கிருந்து முடிக்கச் சராசரியாக ஒன்றரை ஸ்ட்ரோக். ஒரே பட்டில் போட்டவர் மற்றவர்களிடமிருந்து அரை ஸ்ட்ரோக் சம்பாதிக்கிறார். இரண்டு எடுத்தவர் அரை இழக்கிறார். இப்படியே டிரைவ், அப்ரோச், சிப் என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் வரவு செலவு எழுதலாம். 2011 முதல் பி.ஜி.ஏ. டூரே பட்டிங்கை இந்த முறையில் கணக்கிடத் தொடங்கியது.

முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட முந்துவதற்கான வரவில் சுமார் 40 சதவீதம், கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டுகளிலிருந்து வருகிறது என்று அவர் கண்டார். டிரைவிலிருந்து 28, கிரீனைச் சுற்றிய குட்டை ஆட்டத்திலிருந்து 17. பட்டிங்குக்கு 15 சதவீதம்தான் மிஞ்சியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே: எல்லோருமே நன்றாகப் பட் போடுகிறார்கள். 20 அடி தூரத்திலிருந்து உலகச் சாம்பியனானாலும் ஏழு முறைக்கு ஒரு முறை போலத்தான் உள்ளே போகும். ஆகவே யார் 20 அடிக்குப் பதிலாக எட்டு அடியில் பந்தை வைக்கிறாரோ அவருக்குத்தான் ராஜ்ஜியம். அதைச் செய்வது பட் போடும் மட்டையான பட்டர் அல்ல, அதற்கு முந்தைய இரும்பு மட்டை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது வருடக்கணக்கில் எடுத்த சராசரி. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் கோப்பை யாருக்கு என்பதில் பட்டிங்கின் கை சராசரியைவிட ஓங்கியே இருக்கும். டோக்கியோவில் அதிதியைத் தாங்கிப் பிடித்ததும் அதுதான். முன்னணியில் இருந்தவர்களைவிட டிரைவில் வெகு தூரம் பின்தங்கியவர் அவர். பட்டரை வைத்தே கூடப் போட்டி போட்டார்.

நம்பிக்கை 7: 59 அடித்தால் கோப்பை வீட்டுக்கு வந்த மாதிரி

உண்மை: பி.ஜி.ஏ. டூரில் முதல் 59ஐ 1977இல் மெம்ஃபிஸில் ஆல் கைபர்கர் அடித்தார். அந்தப் பந்தயத்தை வென்றும் விட்டார். பெண்களில் ஸ்வீடனின் அன்னிகா சோரன்ஸ்டாம் 2001இல் ஃபீனிக்ஸில் 59 தொட்டு, அவரும் வென்றார். அதனால்தான் இந்த நம்பிக்கை வேரூன்றியது.

2016இல் கனெக்டிகட்டில் ஜிம் ஃபியூரிக் 58 அடித்தார். பி.ஜி.ஏ. டூர் வரலாற்றின் மிகக் குறைந்த ரவுண்டு. அந்த வாரம் அவருடைய நான்கு நாள்: 73, 66, 72, 58. முடிவு, ஐந்தாம் இடத்தில் சமநிலை. முந்தைய நாள் 72 அடித்தவரும் அன்று 58 அடித்தவரும் ஒரே ஆள்தான். 2020இல் ஸ்காட்டி ஷெஃப்லர் பாஸ்டன் அருகே 59 அடித்த அதே நாளில் டஸ்டின் ஜான்சன் 60 அடித்தார். பந்தயத்தை 11 ஸ்ட்ரோக் இடைவெளியில் வென்றவர் 60 அடித்தவர். நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு நாள் விருந்து வயிற்றை நிரப்பாது.

நம்பிக்கை 8: புதிய மட்டையும் பந்தும் வந்து ஸ்கோரைக் கவிழ்த்துவிட்டன

உண்மை: தூரம் கூடியது நிஜம். 1980இல் டூர் ஆட்டக்காரரின் சராசரி டிரைவ் 257 கஜம். இன்று 300ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் 1945இல் பைரன் நெல்சனின் சராசரி 68.3. 80 வருடம் கழித்தும் முதலிடத்தில் இருப்பவர் கிட்டத்தட்ட அங்கேயேதான் நிற்கிறார். மட்டை வளர வளர மைதானமும் வளர்ந்தது. 1997இல் வுட்ஸ் முதல் மாஸ்டர்ஸை வென்றபோது அகஸ்டாவின் நீளம் 6,925 கஜம். இப்போது 7,500ஐத் தாண்டிவிட்டது. பூட்டும் சாவியும் சேர்ந்தே நுட்பமாகின்றன.

நம்பிக்கை 9: கிளப்பில் பார் அடிப்பவர் டூரிலும் தாக்குப் பிடிப்பார்

உண்மை: நந்தனத்திலோ ஊட்டியிலோ சொந்த கிளப்பில் 72 அடித்துவிட்டு, “ஸ்க்ராட்ச் ஆட்டக்காரன், எனக்கு ஹேண்டிகேப்பே கிடையாது” என்று மார்தட்டும் நண்பர் இருந்தால் அவரிடம் ஒரு விஷயத்தை மெல்லச் சொல்லுங்கள். ஹேண்டிகேப் என்பது ஓர் ஆட்டக்காரருக்கு எத்தனை ஸ்ட்ரோக் சலுகை என்று சொல்லும் எண்; அது சராசரி அல்ல. 2020 முதல் உலகமெங்கும் உள்ள முறைப்படி, கடைசி 20 ரவுண்டுகளில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக் கணக்கிடுகிறார்கள். மோசமான 12 நாட்கள் கணக்கிலேயே வராது. ஆகவே ஸ்க்ராட்ச் ஆட்டக்காரரின் உண்மைச் சராசரி அந்த ஹேண்டிகேப் காட்டுவதைவிட இரண்டு மூன்று கூடுதலாகத்தான் இருக்கும்.

டூர் ஆட்டக்காரருக்கு அதே முறையில் கணக்குப் போட்டால் ‘ப்ளஸ் ஐந்து’ போல வரும். அதாவது ஸ்க்ராட்ச்காரருக்கு அவர் ஐந்து ஸ்ட்ரோக் விட்டுக்கொடுத்து ஆட வேண்டும். அதுவும் அவர் அடிப்பது 7,300 கஜ மைதானத்தில், கணுக்கால் மறைக்கும் ரஃபுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கிரீனில், ஊர் ஊராக மாறும் புல்லில். நண்பர் அடிப்பது பத்து வருடமாகப் பழகிய தோட்டத்தில். இரண்டு 72களும் தாளில்தான் ஒன்று.

டீக்கடைத் தீர்ப்புக்கு மேல்முறையீடு

இப்போது டோக்கியோவுக்குத் திரும்பலாம். கசுமிகசேகி மைதானம், பார் 71.

இரண்டாம் நாள் அமெரிக்காவின் நெல்லி கோர்டா 17 குழி முடித்தபோது பாருக்கு 11 கீழே நின்றார். கடைசிக் குழியில் ஒரு பேர்டி போட்டால் 59. அவர் போட்டது இரட்டை போகி, 62 ஆனது. அந்தச் சறுக்கலுக்குப் பிறகும் தங்கம் அவருக்கே வந்தது. அதிதியின் முதல் மூன்று நாள்: 67, 66, 68.

கடைசி நாளில் முன்னணியில் இருந்த நால்வரின் ஸ்கோர் இது: வெள்ளி வென்ற ஜப்பானின் மோனே இனாமி 65. வெண்கலம் வென்ற நியூசிலாந்தின் லிடியா கோ 65. தங்கம் வென்ற கோர்டா 69. நான்காமிடத்தில் முடித்த அதிதி 68.

ஒலிம்பிக்கின் கடைசி நாளில், பதக்கத்தின் பாரத்தைத் தோளில் சுமந்துகொண்டு, பாருக்கு மூன்று கீழே. தங்கம் வென்றவரைவிட அன்று ஒரு ஸ்ட்ரோக் குறைவு. நான்கு நாளில் ஒரு நாள்கூட 68ஐத் தாண்டவில்லை. அவருக்கு முன்னால் போனவர்கள் இருவரும் பின்னாலிருந்து 65 அடித்து வந்தார்கள். கிரிக்கெட்டில் அப்படி வருகிற எதிரணியைத் தடுக்கப் பந்து வீசலாம். கோல்ஃபில் அடுத்தவரின் பந்தைத் தொட யாருக்கும் உரிமையில்லை. தன் பந்தை மட்டும்தான் அடிக்க முடியும். அதிதி அதைத்தான் செய்தார், நான்கு நாளில் 269 முறை.

கோட்டை எங்கும் விடப்படவில்லை. இரண்டு பேர் அதைவிட வேகமாக ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான்.